டான் குவிக்ஸாட்டுக்கு முன் ஸ்பானிய மொழியில் என்ன இருந்தது?

ஏட்டுப்புழு:
செர்வான்டிஸின் ‘டான் குவிக்ஸாட்’ 1605, 1615 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. நவீன நாவல் அதிலிருந்தே தொடங்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். இத்தனை முதிர்ந்த உரைநடை ஒரு மொழியில் ஒரே நாளில் முளைத்திருக்காது என்பது என் எண்ணம். வீரசாகசக் கதைகளை அந்நூல் கேலி செய்தது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அதற்கு வழி அமைத்த இலக்கிய வகைகள் எவை என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆற்றங்கரை:
தங்கள் ஐயம் நியாயமானதே. காஸ்டீலிய (இன்று ஸ்பானியம் எனப்படும் மொழியின்) உரைநடையை 13-ஆம் நூற்றாண்டிலேயே வளர்த்தெடுத்தவர் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ. சட்டம், வரலாறு, வானியல் அனைத்தையும் இலத்தீனில் அல்லாமல் மக்கள் மொழியில் எழுதச் செய்தார். நம் பஞ்சதந்திரமும், பாரசீகம், அரபு வழியாகப் பயணித்து, ‘கலிலா இ திம்னா’ என்ற பெயரில் அக்காலத்தில்தான் அம்மொழியை அடைந்தது. 1499-இல் பூர்கோஸ் நகரில் அச்சான ‘செலஸ்தினா’ முழுவதும் உரையாடலால் ஆனது. அது நாடகமா, நாவலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் தாங்கள் தேடும் நூல், 1554-இல் ஆசிரியர் பெயரின்றி வந்த ‘லாசரில்யோ’ என்பேன். பசிக்காக எசமானர் மாறி எசமானரிடம் வேலை செய்யும் ஓர் ஏழைச் சிறுவன், வளர்ந்த பின் தன் கதையைத் தானே கடிதமாக எழுதுகிறான். முதல் எசமானர் பார்வையற்ற பிச்சைக்காரர். ஒரு திராட்சைக் குலையை ஆளுக்கொரு பழமாக உண்பது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். கிழவர் இரண்டிரண்டாக எடுக்கத் தொடங்கியதும் சிறுவன் மும்மூன்றாக எடுக்கிறான். குலை தீர்ந்ததும், “நான் இரண்டாக எடுத்தபோது நீ வாய் திறக்கவில்லையே” என்று கிழவர் அவன் களவைக் கண்டுபிடித்துவிடுகிறார். வாளும் அரக்கனும் இல்லாமல், பசியையும் தந்திரத்தையும் மட்டும் வைத்து ஒரு கதையை நடத்த முடியும் என்பதை இந்நூல் காட்டியது. இதிலிருந்து கிளைத்ததே ‘பிக்காரெஸ்க்’ எனப்படும் போக்கிரிக் கதை மரபு.

மதகுருமாரை எள்ளியதால் 1559-இல் இது தடைநூல் பட்டியலில் சேர்ந்தது. பார்க்கரோட்டா என்னும் ஊரில் ஒரு வீட்டின் சுவருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த நூல்களுள் இதன் 1554-ஆம் ஆண்டுப் பதிப்பொன்றும் 1992-இல் கிடைத்தது.

கூடல்வாசி:
மேற்கண்ட பதில் சிறப்பானது. எனினும் செய்யுளை அடியோடு விட்டுவிட்டதை ஏற்க இயலவில்லை. 1099-இல் மறைந்த ஸ்பானியப் போர்வீரர் ரோத்ரிகோ தியாஸைப் பாடும் ‘சித்’ காவியத்திலிருந்தே வரலாற்றாசிரியர்கள் தொடங்குவது வழக்கம். அத்தகைய நெடும்பாடல்களின் துண்டுகள் மக்கள் வாயில் தங்கி ‘ரொமான்ஸே’ ஆயின என்று கருதுவோர் பலர். பெயரைக் கேட்டுக் காதல் கதை என்று எண்ணிவிடக் கூடாது. எட்டசை அடிகளில் அமைந்து, இரட்டைப்படை அடிகளின் இறுதியில் உயிரொலி மட்டும் ஒன்றிவரும் கதைப்பாடல் அது. குவிக்ஸாட் அடிபட்டு வீழ்ந்து கிடக்கையில் முனகுவது இத்தகைய பாடலைத்தான். இரண்டாம் பகுதியில் அவர் வெட்டிச் சாய்க்கும் பொம்மலாட்டமும் இத்தகைய ஒரு பாடலின் கதையே. ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1928-இல் வெளியிட்ட ‘ஜிப்சி கதைப்பாடல்கள்’ வரை அதே யாப்பு உயிரோடிருந்தது.

ஏட்டுப்புழு:
இருவருக்கும் நன்றி. நாடகத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லையே? செர்வான்டிஸ் அதில் ஈடுபடவில்லையா?

ஆற்றங்கரை:
ஈடுபட்டார், ஆனால் மேடை, அவர் காலத்து நாடகாசிரியர் லோப்பே தே வேகாவின் வசமாகிவிட்டது. வீடுகளுக்கு நடுவிலிருந்த முற்றங்களில் பகல் வெளிச்சத்தில் நடந்த அந்நாடகங்களுக்கு எல்லா வகுப்பினரும் காசு கொடுத்து வந்தார்கள். பழைய இலக்கணத்தை ஒதுக்கி, மூன்று அங்கங்களில், அழுகையும் சிரிப்பும் கலந்து எழுதுவதை 1609-இல் லோப்பே ஒரு செய்யுள் உரையிலேயே நியாயப்படுத்தினார். செர்வான்டிஸோ 1615-இல் எட்டு நாடகங்களையும் எட்டுச் சிறுநாடகங்களையும் ஒரே நூலாக அச்சிட்டார். அவை ‘ஒருபோதும் மேடையேறாதவை’ என்பதை அந்நூலின் தலைப்பிலேயே காணலாம்.