லாஸ் பால்மாஸ் முதல் பார்படோஸ் வரை, 32 அடிப் பாய்மரப் படகில் தனியாக: திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

நீலத்திரை:

வணக்கம். கனாரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து பார்படோஸுக்குத் தனி ஆளாகப் போகத் திட்டமிடுகிறேன். படகு 32 அடி ஸ்லூப் (ஒரே மாஸ்ட், அதாவது பாய்மரம்), அடியில் நீளக் கீல் எனும் எடைப்பலகை, எடை சுமார் 5 டன். பின்னால், காற்றின் பலத்திலேயே படகைத் திசை பிடித்து ஓட்டும் செர்வோ பெண்டுலம் வகை விண்ட் வேன் பொருத்தியிருக்கிறது. அதுபோக சுக்கான் பிடியான டில்லரைத் தள்ளி ஓட்டும் ஒரு மின்சார டில்லர் பைலட் உண்டு. முன்பாய் ரோலரில் சுற்றுகிற ஜெனோவா எனும் பெரிய பாய். மெயின் பாயில் மூன்று ரீஃப் (காற்று ஏறினால் பாயைச் சுருக்கும் நிலை). 100 வாட் சோலார் தகடு இரண்டு. தண்ணீருக்கு 150 லிட்டரில் ஒரே தொட்டி.

நவம்பர் முதல் வாரம் கிளம்பி, எங்கும் நிற்காமல் நேராகப் போய்விடலாம் என்பது எண்ணம். தேதி சரிதானா? காற்று முழுக்க முதுகுப் பக்கமிருந்தே வரும்போது தனி ஆளுக்கு எந்தப் பாய் அமைப்பு தோது? இருபது நிமிடத் தூக்கம் என்கிறார்களே, அது போதுமா? கிளம்பும் முன் இதை மாற்றியே ஆக வேண்டும் என்று ஏதாவது பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

கொண்டல்:

நவம்பர் முதல் வாரம் வேண்டாம் நண்பரே. அட்லாண்டிக்கின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கடைசி மாதத்தில் புயல் அரிதுதான். ஆனால் வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று அப்போது இன்னும் நிலைகொண்டிருக்காது. வடக்கே நகரும் தாழ்வழுத்தத்தின் வால் வட அட்சரேகை 25 பாகை வரை தொங்கினாலே போதும், காற்று தென்மேற்காகத் திரும்பும், இல்லையென்றால் செத்துவிடும். 1986-இல் தொடங்கிய, பாய்மரப் படகுகள் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் ஏ.ஆர்.சி. கூட்டுப் பயணம் நவம்பர் பிற்பகுதியில் லாஸ் பால்மாஸை விட்டுக் கிளம்புவது கிறிஸ்துமஸுக்குள் கரீபியன் சேர்வதற்காக. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. டிசம்பர் நடுவில் கிளம்புங்கள். ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளினால் காற்று இன்னும் உறுதியாக இருக்கும், ஆனால் காற்று 25 நாட்டை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டும் நாட்களும் மூன்று மீட்டர் அலையும் சேர்ந்தே வரும்.

நேராகப் போவதைவிட கேப் வெர்டேயின் மிண்டெலோவில் நின்று போவது நல்லது. லாஸ் பால்மாஸ் – மிண்டெலோ சுமார் 860 கடல் மைல். அங்கிருந்து பார்படோஸ் சுமார் 2,020. நேர்வழி என்றாலும் காற்றைத் தேடி 20 பாகை வரை தெற்கே இறங்கித்தான் மேற்கே திரும்ப முடியும் என்பதால், மிச்சமாகும் நேரம் இரண்டு நாளுக்குள்தான். அந்த 860 மைலில் படகின் கோளாறுகள் எல்லாம் வெளியே வந்துவிடும். மிண்டெலோவில் மரினா இருக்கிறது, பழுதைச் சரிசெய்துகொண்டு பெரிய கட்டத்துக்குள் இறங்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சான்டோ ஆன்டாவோவுக்கும் சாவோ விசென்டேவுக்கும் நடுவில் உள்ள கால்வாயில் காற்று நெருக்குண்டு பாயும். வெளியே 18 நாட் என்றால் உள்ளே 30 வரும். நுழைவதற்கு முன்பே ரீஃப் போட்டுவிடுங்கள்.

உங்கள் படகுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 மைல் என்று கணக்கு வையுங்கள். மேற்கே ஓடும் நீரோட்டம் அரை நாட் தந்தால் 12 மைல் கூடுதல். அதை நம்பாமல் கணக்கிட்டால் மிண்டெலோவிலிருந்து 17 முதல் 19 நாள். சாப்பாடும் தண்ணீரும் 30 நாளுக்கு ஏற்றுங்கள். குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 4 லிட்டர், மொத்தம் 120. அளவு சரிதான், ஆனால் எல்லாம் ஒரே தொட்டியில் இருப்பதுதான் ஆபத்து. ஒரு குழாய் இணைப்பு கழன்றால் அத்தனையும் படகின் அடிக்குழியான பில்ஜுக்குப் போய்விடும். 60 லிட்டரையாவது பத்து லிட்டர் கேன்களில் தனியாகக் கட்டி வையுங்கள். கேனின் வாய்வரை நிரப்ப வேண்டாம். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால், படகை விட்டு இறங்க நேர்ந்தாலும் கேன் நன்றாக மிதக்கும்.

தாமான்:

பாய் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தடத்தில் படகைத் தின்பது ஆட்டம். பின்காற்றில் படகு ஐந்து நொடிக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து எழுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 17,280 தடவை. 18 நாளில் மூன்று லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சாய்விலும் ஒவ்வொரு கயிறும் தன் கப்பியில் அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும் அறுக்கிறது. ஒவ்வொரு இணைப்பு ஊசியும் தன் துளைக்குள் ஆடுகிறது. தயாரிப்பு முழுவதையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

தனி ஆளுக்கு இரட்டை முன்பாய்தான் என் தேர்வு. ரோலரின் அலுமினியத் தடத்தில் பெரும்பாலும் இரண்டு பள்ளம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஜிப் எனும் முன்பாய் ஒன்றை ஏற்றி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கம்பம் கொடுத்து விரிக்கிறோம். இரவில் காற்று ஏறினால் படகோட்டி உட்காரும் காக்பிட்டை விட்டு நகராமல் ஒரே கயிற்றை இழுத்து இரண்டையும் சேர்த்துச் சுருட்டலாம். தனியாள் படகில் இதற்கு ஈடு இல்லை.

கம்பத்தைக் கட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் மூன்று கயிறு வேண்டும்: மேலே தூக்க ஒன்று, முன்னால் இழுக்க ஒன்று, பின்னால் இழுக்க ஒன்று. பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு கம்ப நுனி வழியாகச் சும்மா ஓட வேண்டும். கம்பத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை அதற்குக் கூடாது. அப்படி இருந்தால்தான் பாயைச் சுருட்டும்போதும் கம்பம் அசையாமல் நிற்கும், நீங்கள் படகின் முன்முனையான அணியத்துக்கு ஓட வேண்டியிருக்காது.

கம்ப நுனியில் கயிறு வளைகிற அந்த இரண்டு விரற்கடை இடத்தைத் தினமும் தொட்டுப் பாருங்கள். முதலில் மேலுறையில் பஞ்சு போல நூல் எழும்பும். அடுத்த நாள் அந்த இடம் தட்டையாகி விரலுக்கு வழவழப்பாகத் தெரியும். அதற்கும் அடுத்து உறை பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளை நூல் தெரியும். அந்த நிலையில் இரவைத் தாண்டாது. வைத்தியம் எளிது: நாள்தோறும் காலையில் 10 சென்டிமீட்டர் தளர்த்துங்கள் அல்லது இழுங்கள், உராயும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாஸ்ட் உச்சியில் கப்பி மேல் கிடக்கும், பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டுக்கும் இதே முறைதான், மூன்று நாளுக்கு ஒருமுறை 5 சென்டிமீட்டர்.

காலை வெளிச்சம் வந்ததும் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தளத்தைப் பாருங்கள். பறக்கும் மீன் கிடந்தால் சமைத்துக்கொள்ளலாம். இணைப்புகள் கழலாமல் பூட்டும் பிளவு ஊசி ஒன்று கிடந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும்வரை வேறு வேலை வேண்டாம். மாஸ்ட்டைத் தாங்கும் கம்பி வடங்கள் கீழ் முனையில் உலோகக் குழலுக்குள் நுழையும் இடத்தில்தான் முதல் இழை அறும். அந்த இடத்தை ஒரு பருத்தித் துணியால் சுற்றித் துடைத்தால் அறுந்த இழையில் துணி மாட்டும். மிக நீளமான வடத்தின் நீளத்துக்கு டைனீமா எனும் மிக வலுவான செயற்கைக் கயிறு ஒன்றும், அதை இறுக்கப் போல்ட் போடும் கவ்விகளும் கட்டாயம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நீலத்திரை:

தாமான் அண்ணா, மிக்க நன்றி. தடத்தில் இரண்டாவது பள்ளம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆனால் என்னிடம் கம்பம் ஒன்றுதான். இரண்டாவது வாங்கியே ஆக வேண்டுமா? மெயினை முழுக்கக் கட்டி வைத்துவிட வேண்டுமா?

தாமான்:

ஒன்று போதும் தம்பி. மெயினை இறக்கிக் கட்டிவிட்டு, அந்தப் பாயின் அடிக்கம்பமான பூமை ஒரு பக்கம் முழுக்க வெளியே தள்ளுங்கள். அதன் நுனியில் ஒரு கப்பி கட்டி, அந்தப் பக்க ஜிப்பின் தாமான் கயிற்றை அதன் வழியே கொண்டு வாருங்கள். பூமை அசையாமல் நிறுத்தும் கயிறு அதன் நுனியிலிருந்து அணியத்துக் கப்பி வழியாகக் காக்பிட்டுக்குத் திரும்ப வேண்டும். பூமின் நடுவில் கட்டாதீர்கள். நுனி அலையில் முக்கினால் பூம் அந்தக் கட்டின இடத்திலேயே ஒடியும்.

விடிவெள்ளி:

தூக்கம் பற்றிக் கேட்டீர்கள். இருபது நிமிடம் என்ற எண்ணைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் மாஸ்ட் விளக்கு விதிப்படி 6 கடல் மைல் தெரிய வேண்டும். கப்பல் 20 நாட்டில் எதிரே வருகிறது, நீங்கள் 5 நாட். நெருங்கும் வேகம் 25. ஆறு மைல் 14 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்னாலிருந்து வந்தால் 24 நிமிடம். ஆக, அடிவானம் சுத்தமாக இருந்தபோது கண்ணை மூடினாலும், எழும்போது எதிரே வரும் கப்பல் உங்களைத் தாண்டியிருக்கலாம். கண்ணை மட்டும் நம்பிய காலத்து எண் அது.

இன்று உங்கள் கண் ஏ.ஐ.எஸ்., கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் கருவி. ஆன்டெனா மாஸ்ட் உச்சியில் இருந்தால் பெரிய கப்பல்களின் ஒலிபரப்பு 15, 20 மைலுக்கே கிடைக்கும். வாங்கும் கருவி கேட்பதோடு நிற்காமல் அனுப்பவும் வேண்டும். 2 வாட் கிளாஸ் பி-யைவிட 5 வாட் வகை நல்லது. நெருங்கும் தூரம் 2 மைல், மீதி நேரம் 30 நிமிடம் என்று அலாரம் வையுங்கள். கருவிக்குள் இருக்கும் பீப் ஒலி, ஆடும் படகில் அசந்து தூங்குபவரை எழுப்பாது. தலைமாட்டில் தனி பஸர் ஒன்றை இணைத்து, தூங்கும்போது அது உண்மையில் எழுப்புகிறதா என்று துறைமுகத்திலேயே சோதியுங்கள்.

கனாரியை விட்ட முதல் இரண்டு நாளும், கேப் வெர்டேயைச் சுற்றியும் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஏ.ஐ.எஸ். இல்லாத மீன்பிடிப் படகுகள் அங்கே உண்டு. அதற்கு மேற்கே, அலாரத்தை நம்பி 90 நிமிடம் வரை தூங்குபவர்கள் உண்டு. தூக்கத்தின் ஒரு முழுச் சுற்று அது, மூளை உண்மையில் தேறும். பகலிலும் இரண்டு தடவை தூங்குங்கள். ஆனால் இது சட்டப்படி சரியல்ல என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்: மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆம் விதி எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது, தனியாளுக்கு விலக்கு இல்லை. படகுக் காப்பீட்டில் தனியாள் பயணத்துக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று ஸ்குவால் எனும் திடீர்க் காற்றுமழை. வானிலைக் கோப்பில் இது தெரியாது. 15 நாட் காற்று சில நிமிடத்தில் 30, 35 ஆகி, அரைமணி அடித்து, மழை கொட்டிவிட்டு, பின்னால் காற்றே இல்லாமல் போகும். இரவில்தான் அதிகம். பொழுது சாயும் முன்பே பாயைக் குறைத்துவிடுங்கள். பத்து மைல் குறைந்தாலும் அந்த இரவுத் தூக்கம் மிச்சம்.

தளத்துக்குப் போகும்போது இடுப்புக் கயிறு மாட்டாமல் ஒரு அடி கூட வைக்காதீர்கள். வேன் ஓட்டும் படகு, நீங்கள் விழுந்தாலும் அதே திசையில் போய்க்கொண்டேயிருக்கும். நீந்திப் பிடிக்க முடியாது. அந்தக் கயிற்றை மாட்டும் பாதுகாப்பு வடத்தைப் படகின் ஓரத்தில் ஓட்டாமல் நடுக்கோட்டில் ஓட்டுங்கள், விழுந்தாலும் தளத்துக்குள்ளேயே கிடப்பீர்கள்.

சுக்கான்:

மின்சாரக் கணக்கு: ஏ.ஐ.எஸ். 6 ஆம்பியர் மணி, வி.எச்.எஃப். ரேடியோ 8, எல்.இ.டி. விளக்குகள் 3, வரைபடத் திரை 12, விசிறியும் சில்லறையும் 6. நாளுக்கு 35. டில்லர் பைலட்டை இரவும் பகலும் ஓட்டினால் இன்னொரு 40, 50 ஏறும். இரண்டு தகடுகளும் சேர்ந்து நாளுக்கு 55 தந்தால் நல்லது என்று வையுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மேற்கே போகும் படகில் மதியத்துக்குப் பிறகு சூரியன் பாய்க்கு முன்னால் இறங்கும், பின்பக்கத் தகட்டில் நிழல் விழும். அதனால் ஓட்டுவது வேன்தான், பைலட் மாற்று.

வேனின் கட்டுப்பாட்டுக் கயிறு 6 மில்லிமீட்டர், நீளாத வகை. இரண்டு செட் எடுங்கள். காற்றுப் பலகைக்கு ஒட்டுப்பலகையில் இரண்டு உபரி. பின்காற்று 8 நாட்டுக்குக் கீழே போனால் படகின் வேகமும் கழிந்து வேனுக்குப் பலம் இருக்காது. அப்போது டில்லர் பைலட்டை டில்லரில் மாட்டாமல் வேனின் எதிர்எடைத் தண்டில் மாட்டுங்கள். துடுப்பைத் திருப்பும் பலத்தை நீர் தரும், பைலட் லேசாகத் தட்டினால் போதும், மின்சாரமும் கொஞ்சமே.

2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் சர்காசம் பாசி பெரும் பட்டையாக மிதக்கிறது. குளிர்காலத்தில் குறைவு, ஆனால் மேற்குப் பாதியில் எதிர்பாருங்கள். வேன் துடுப்பில் சிக்கினால் படகு கொஞ்சம் கொஞ்சமாகத் திசை தவறும், பாய்தான் சரியில்லை என்று தோன்றும். முதலில் துடுப்பைத் தூக்கிப் பாசியை எடுங்கள். நீரில் சுழலும் ஜெனரேட்டர் வாங்கும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

கொண்டல்:

கரை சேர்வதையும் சொல்லிவிடுகிறேன். பார்படோஸ் தாழ்ந்த தீவு, உச்சியே 340 மீட்டர்தான். தூரத்திலிருந்து தெரியும் என்று காத்திருக்க வேண்டாம். கிழக்குக் கரை முழுவதும் அட்லாண்டிக் அலை நேராக மோதும் இடம். தென்கிழக்கில் காப்ளர்ஸ் பவளத்திட்டு கரையை ஒட்டி நீளுகிறது. தெற்கே சவுத் பாயிண்ட்டை நன்றாக விலகிச் சுற்றி, மேற்கே கார்லைல் விரிகுடாவுக்குள் வாருங்கள். அங்கே தண்ணீர் அமைதி.

கடைசி 100 மைலில் தூக்கத்தை மறுபடி 15 நிமிடமாக்குங்கள். அதற்கு முந்தைய நாளே நன்றாகத் தூங்கித் தேறியிருங்கள். பொழுது சாய்ந்தபின் சேர்வீர்கள் என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பிருந்தே பாயைக் குறைத்து விடியலுக்குக் கணக்குப் போடுங்கள். காற்றும் நீரோட்டமும் கரையை நோக்கியே தள்ளும். கிழக்கே நின்று காத்திருப்பது ஆகாது.