விடியற்காலை 4.50, ஆளில்லாத நால்ரோடு, 90 நொடி சிவப்பு

பால்வண்டி:
கோவையில் பால் பாக்கெட் போடுகிறேன். எங்கள் ஏரியா நால்ரோட்டை இரண்டு நடைக்குப் போக வர நாலு தடவை தாண்டணும். இரண்டுமே குடியிருப்பு ரோடுகள்தான், பள்ளிக்கூடத்துக்காக வைத்த சிக்னல். முன்பெல்லாம் அந்நேரம் மஞ்சள் மட்டும் மினுக்கும். போன மாதம் ஏதோ ரிப்பேர் பார்த்துவிட்டுப் போனார்கள், அதிலிருந்து 90 நொடி சிவப்பு. குறுக்கு ரோட்டில் நாய்கூட நடக்காது, அதற்கு ஒன்றரை நிமிடம் பச்சை.

டைமரில் முதல் இலக்கத்துக்கு வலப்பக்க மேல்கோடு எரியாது. அதனால் 90 என்பது 50 என்று தெரியும். அப்பாடா என்றிருக்கும். அடுத்த நொடியே 69! தினமும் ஏமாறுகிறேன். ஏன்தான் இப்படி ஓடுகிறது?

முக்குக்கடை:
ஆளே இல்லைங்கிறீங்க, அப்புறம் என்ன? பார்த்துப் போயிருங்க.

பால்வண்டி:
ஒரு நாள் போனேனுங்க. பச்சையை நம்பி குறுக்கே ஒரு சைக்கிள், விளக்கும் இல்லை. அன்றைக்கு இரண்டு டிரே பால் ரோட்டில்.

கம்பத்தடிப்பெட்டி:
சிக்னல் பராமரிப்பில் இருந்தவன். கம்பத்தடியில் இருக்கிற பெட்டிக்குள் காலை, மாலை, இரவு என்று தனித்தனிக் கணக்கு போட்டிருப்பார்கள். எதை எப்போது ஓட்டுவது என்று சொல்வது உள்ளே இருக்கிற கடிகாரம். அது பிசகினால் மாலை நெரிசல் கணக்கு விடியற்காலையில் ஓடும்.

எல்லாப் பக்கமும் ஒரு முறை பச்சை வந்து போக ஆகிற சுற்று நேரத்துக்கு 1958இல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் ரோட்டுக்குப் போட்டால் முழுச் சுற்றே 25 நொடிக்குள் வரும். ஆனால் அவ்வளவு குறைக்கக் கூடாது. 12 மீட்டர் ரோட்டை, நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் தாண்டவே 10 நொடி ஆகும். 40 வைத்தால் தாராளம். வண்டி வந்தால் மட்டும் பச்சை தருகிற வகையும் உண்டு, ரோட்டுக்குள் கம்பிச்சுருள் பதித்திருக்கும். ரோட்டைச் சுரண்டிப் புதுசாகப் போட்டால் அதுவும் போச்சு.

பேரனின்பாட்டி:
தம்பி, எனக்கு வேறு பிரச்சினை. சாயங்காலம் 4 மணிக்குப் பேரனைக் கூட்டிவரும்போது அங்கே மஞ்சள்தான் மினுக்குகிறது. ஒரு வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். லாலி ரோட்டில் வைத்த மாதிரி ரவுண்டானா வைக்கலாமே என்றால் இடம் எங்கே? ஒரு மூலையில் பிள்ளையார், எதிர்மூலையில் டிரான்ஸ்பார்மர்.

கம்பத்தடிப்பெட்டி:
அம்மா, விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரியாக 12 மணி நேரம் பிசகு. ரிப்பேர் பார்த்தவர் கடிகாரத்தில் மாலை 4 மணிக்கு 16 என்று வைக்க வேண்டிய இடத்தில் 4 என்று வைத்திருப்பார். திருத்த இரண்டு நிமிடம் போதும்.

பால்வண்டி:
அப்போ எனக்கு வர வேண்டிய மஞ்சள் பாட்டிக்குப் போகிறது! பெட்டியில் புகார் நம்பர் இருக்கிறது, பாதியைக் காதுகுத்து போஸ்டர் மறைத்திருக்கிறது. நாளைக்கு அந்த 90 நொடியில் சுரண்டிப் பார்க்கிறேன்.