காமினிட்டோ டெல் ரே: எட்டு கிலோமீட்டர் என்று இனி யாரும் அடித்துவிட வேண்டாம்

வழிப்போக்கன்:
நேற்று ஒரு பயண வீடியோ கண்ணில் பட்டது. ஸ்பெயினில், மலாகாவுக்கு வடக்கே, எல் சோரோ பக்கம் ஓர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிறது. அந்தச் செங்குத்துப் பாறையில் அறைந்து வைத்திருக்கும் நடைபாதைதான் காமினிட்டோ டெல் ரே. டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக முடியும். வீடியோ போட்ட தம்பி எடுத்த எடுப்பிலேயே "எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் தொங்கும் பலகைப் பாதை" என்கிறார். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பலகைப் பாதை 1.5 கி.மீ.தான். ஒன்றரை! மீதி எல்லாம் மண் பாதை, சுரங்கம், மரத்தடி. போகாதவன் அளந்தால் விட்டுவிடலாம். போய் வந்தவனே இப்படி அளக்கிறான்.

மலைக்குருவி:
அளப்பது யார் என்று பார்ப்போமா? நிர்வாகமே 7.7 கி.மீ. என்றுதான் சொல்கிறது. 7.7-ஐ எட்டு என்று சொன்னது கொலைக்குற்றமா? நானும் நடந்திருக்கிறேன். ஒன்றரை கிலோமீட்டர் நடந்ததற்கா மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

வழிப்போக்கன்:
உங்கள் கால் வலி அளவுகோல் ஆகாது அம்மா. கணக்கைப் பாருங்கள். வடக்கே கார் நிறுத்துமிடத்திலிருந்து சுரங்கம் வழியாகச் சோதனைச் சாவடி வரை 2.7 கி.மீ. சாவடியில் ஹெல்மெட் வாங்கி, வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்கும் வரை 2.9. அங்கிருந்து எல் சோரோவில் பஸ் ஏற 2.1. கூட்டினால் 7.7. அந்த 2.9-க்குள்ளும் நடுவில் மலை விலகி ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே தரையில்தான் நடக்கிறோம். பாறையில் தொங்குவது 1.5 மட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்ததையும் கோயில் பிராகாரத்தோடு சேர்த்துச் சொல்வார்களா?

அடங்காதவன்:
இன்னொரு கூத்து இருக்கிறது. வடக்கே சுரங்கம் ஒன்றல்ல, இரண்டு. குட்டையான வழியில் போனால் சாவடி 1.5 கி.மீ.தான். அப்போது மொத்தம் 6.5. ஆக 7.7 என்பதே எல்லோருக்கும் 7.7 இல்லை.

மலைக்குருவி:
அடங்காதவன் தம்பி, நீங்கள் யார் பக்கம்?

அடங்காதவன்:
கூட்டல் பக்கம்.

நித்யகல்யாணி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவையும் ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே போக நினைக்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. முடியுமா?

வழிப்போக்கன்:
1.5 கி.மீ. தாராளமாக முடியும்.

மலைக்குருவி:
அடப்பாவமே! மூட்டு வலிக்காரரை ஒன்றரை கிலோமீட்டர் என்று சொல்லி அனுப்பி வைக்கிறீர்களே. அந்த அம்மா 7.7 நடக்க வேண்டும் ஐயா. பாதி வழியில் "எனக்குப் பலகை முடிந்துவிட்டது" என்று சொல்லி ஆட்டோ பிடிக்க முடியுமா? திரும்பி வரவும் வழியில்லை. வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறும் ஒருவழிப் பாதை. மூன்று நான்கு மணி நேரம் ஆகும். போகிற வாக்கில் இறக்கம்தான் அதிகம், ஆனால் கடைசியில் படிகள் இருக்கின்றன. இதையெல்லாம் சொல்ல வேண்டாமா?

வழிப்போக்கன்:
நான் பாதையின் நீளத்தைச் சொன்னேன். நடக்க வேண்டிய தூரம் வேறு விஷயம்.

மலைக்குருவி:
நடைபாதையின் நீளம் வேறு, நடக்கிற தூரம் வேறா? இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும்.

குடைக்காரன்:
வழிப்போக்கன் சார் ரயில் பாஸ் பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான். முன்பதிவுக் கட்டணம் டிக்கெட் விலையில் சேராது என்று நான்கு பக்கத்துக்கு இழுத்தார். அவரை நம்பி பாஸ் வாங்கியவர்கள் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாகப் பணம் கட்டினார்கள். நானும் அதில் ஒருவன்.

வழிப்போக்கன்:
குடைக்காரன், அந்தத் திரியை இங்கே தோண்டாதீர்கள். முன்பதிவுக் கட்டணம் வேறு, டிக்கெட் விலை வேறு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இப்போது விஷயத்துக்கு வாருங்கள். 7.7 முழுக்கப் பணமா வாங்குகிறார்கள்? சாவடி வரைக்கும் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகும் இலவசம். நான் போனபோது டிக்கெட் 10 யூரோ. அது 2.9-க்கான காசு. பலகைக்கு மட்டும் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 6 யூரோ 66 சென்ட்.

அடங்காதவன்:
67. கடைசி இலக்கத்தை உயர்த்த வேண்டும்.

வழிப்போக்கன்:
ஒரு சென்ட் உங்களிடமே இருக்கட்டும்.

சும்மா இருப்பவன்:
சார், நீளத்தை விடுங்கள். அந்த வீடியோவில் "உலகின் மிக ஆபத்தான பாதை" என்றும் சொல்கிறார்களே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

வழிப்போக்கன்:
கேளுங்கள், சொல்கிறேன். ஆபத்தான பாதையாகத்தான் இருந்தது. 1901-லிருந்து 1905 வரை கட்டினார்கள். இரண்டு நீர்மின் நிலையங்களுக்கு நடுவே தொழிலாளர்கள் போய்வரப் போட்ட பாதை. அகலம் ஒரு மீட்டர்தான். 1921-ல் அணையைத் திறந்து வைக்க வந்த பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னர் இதில் நடந்தார், அதிலிருந்துதான் காமினிட்டோ டெல் ரே, அதாவது ராஜா பாதை, என்ற பெயர். அப்புறம் கவனிப்பார் இல்லாமல் சிமெண்டு உதிர்ந்து, ஓட்டை விழுந்து, சில இடங்களில் இரும்புச் சட்டம் மட்டுமே மிச்சம். அதில் கால் வைத்துப் போனவர்களும் உண்டு. 1999-லும் 2000-லும் விபத்துகளில் உயிர்கள் போன பிறகு மூடினார்கள். 2015 மார்ச்சில் புதுப் பாதை திறந்தார்கள். இப்போது கைப்பிடிக் கம்பி இருக்கிறது, தலையில் ஹெல்மெட் இருக்கிறது, பலமான காற்று அடித்தால் மூடிவிடுகிறார்கள். புதுப் பலகைக்குக் கீழே எட்டிப் பார்த்தால் பழைய பாதை பொத்தலும் கம்பியுமாக இன்னும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொத்தல் வழியாக ஆறு தெரியும். அதைப் படம் பிடித்து "இதில்தான் நான் நடந்தேன்" என்று போடுகிறார்கள். எட்டு கிலோமீட்டர் என்பதும் இதே ரகம்தான். உண்மை 1.5.

மலைக்குருவி:
அருமையாகச் சொன்னீர்கள். கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் வேண்டாம். ஆபத்து இல்லை என்றும் ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். கடைசி இடுக்கில் தொங்கு பாலம் வருகிறதே, நூறு மீட்டருக்குக் கீழே ஆறு ஓடுகிறது. காற்று வீசும்போது காலடியில் கம்பி வலை அதிர்வது தெரியும். என் முன்னால் போன ஓர் ஆள், நல்ல வாட்டசாட்டமான ஆள், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித்தான் நடந்தார். அவரிடம் போய் ஒன்றரை கிலோமீட்டர்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

வழிப்போக்கன்:
கண்ணை மூடினால் நீளம் கூடுமா?

குடைக்காரன்:
சார் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்.

வழிப்போக்கன்:
7.7 கால் என்று சொல்லாத வரைக்கும் சரி.

நித்யகல்யாணி:
மகனுக்கு ஏழு வயது என்று சொன்னேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடங்காதவன்:
எட்டு வயது நிறையாத பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் சகோதரி. கூடத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாலும் நடக்காது. வயதுக்குச் சான்று கேட்பார்கள், பிறந்தநாளுக்குப் பிறகு போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மலைக்குருவி:
இத்தனை நேரத்தில் உருப்படியாக வந்த முதல் பதில்.

வழிப்போக்கன்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் 7.7 என்று குறுக்கே விழுந்தது யார்? ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரிக்குப் பக்கத்தில் விண்ட்கார் மலையிடுக்கு இருக்கிறது. 1893-லேயே மக்களுக்குத் திறந்தது. நீளம் 1.6 கி.மீ. என்றுதான் சொல்கிறார்கள். ஊரிலிருந்து நடந்து வருவதையும் சேர்த்து ஐந்து, ஆறு என்று ஊதுவதில்லை. ஜெர்மனியில் பார்ட்னாக் இடுக்கு சுமார் 700 மீட்டர். பனிச்சறுக்கு மைதானத்திலிருந்து அதன் வாசலுக்கே அரை மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நடையை யாராவது இடுக்கின் நீளத்தில் சேர்க்கிறார்களா? இல்லை. அங்கெல்லாம் நேர்மை இருக்கிறது.

சும்மா இருப்பவன்:
விண்ட்கார் இதைவிட அழகு என்று என் கட்சி. தண்ணீருக்குப் பக்கத்திலேயே பலகை போகிறது, நிறமும் பச்சை. காமினிட்டோவில் ஆறு எங்கோ பாதாளத்தில் கிடக்கிறது.

மலைக்குருவி:
பாதாளத்தில் கிடப்பதைப் பார்க்கத்தானே அங்கே போகிறோம்? தலைக்கு மேலே கழுகு, காலுக்குக் கீழே ஆறு, எதிர்ப் பாறையில் குகையிலிருந்து குகைக்கு ஓடும் ரயில். அந்தப் பச்சைத் தண்ணீரை வைத்து இதை மட்டம் தட்ட வேண்டாம்.

சும்மா இருப்பவன்:
மட்டம் தட்டவில்லை. ரசனை.

மலைக்குருவி:
ரசனைக்கு என்ன பஞ்சம். 1.6 கி.மீ.யில் ரசித்து முடித்துவிடலாம்.

வழிப்போக்கன்:
பார்த்தீர்களா! 1.6 குறைவு என்று இப்போது நீங்களே கேலி செய்கிறீர்கள். காமினிட்டோ பலகை அதைவிடக் குறைவு. 1.5!

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, பாதை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது. தனிநபர் தாக்குதல் வேண்டாம்.

வழிப்போக்கன்:
முடிவு செய்ய என்ன இருக்கிறது? 1.5.

மலைக்குருவி:
7.7.

குடைக்காரன்:
ஏழரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. சனி பகவானே கை விட்டுவிட்டார்.

அடங்காதவன்:
குட்டைச் சுரங்கத்தில் போனால் 6.5. இதை மட்டும் ஏன் ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

வழிப்போக்கன்:
உங்கள் சுரங்கம் எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை தம்பி. சுரங்கத்தில் பலகை இல்லை. நான் இதை அந்த வீடியோவுக்குக் கீழேயும் எழுதினேன். பிரித்துப் பிரித்துக் கூட்டிக் காட்டினேன். அந்த ஆள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் மக்கள் விமானம் ஏறுகிறார்கள்.

நித்யகல்யாணி:
எல்லோருக்கும் நன்றி. மகனுக்கு எட்டு வயது ஆகட்டும், பிறகு பார்க்கிறோம். அம்மாவின் மூட்டு பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

மலைக்குருவி:
பாருங்கள், வந்தவரை விரட்டிவிட்டீர்கள்.

வழிப்போக்கன்:
நானா? 7.7 என்று பயமுறுத்தியது நீங்கள். தொங்கு பாலத்தைப் பற்றியும் அந்த வீடியோவில் கதை விட்டிருக்கிறார்கள். அதற்குத் தனித் திரி போடுகிறேன். குடைக்காரன் அங்கே வர வேண்டாம்.

குடைக்காரன்:
முதல் ஆளாக வருகிறேன்.