டெம், எஸ்.எச்.வி. நொதிகளின் இடத்தைச் சி.டி.எக்ஸ்-எம் பிடித்தது எப்படி?

கேள்வி: முதுநிலை மாணவி

செஃபோடாக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்க பாக்டீரியாக்கள் சுரக்கும் இ.எஸ்.பி.எல். நொதிகள் என்றால் டெம், எஸ்.எச்.வி. வகைகளையே எங்கள் பாடநூல் பக்கம் பக்கமாக விளக்குகிறது. ஆய்வகத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மாதிரிகளைப் பி.சி.ஆர். (மரபணுவைக் கண்டறியும் சோதனை) செய்தாலோ பெரும்பாலும் இன்னொரு இ.எஸ்.பி.எல். குடும்பமான சி.டி.எக்ஸ்-எம்மின் 15ஆம் வகை (சி.டி.எக்ஸ்-எம்-15) தான் கிடைக்கிறது. நூல் தவறா? காலம் மாறியதென்றால், எதனால் மாறியது?

மறுமொழி 1: நுண்ணுயிரியலாளர்

நூல் தவறன்று, பழையது. ஏதென்ஸ் நோயாளி ஒருவரிடம் கிடைத்து 1965இல் அறிவிக்கப்பட்ட டெம்-1, செஃபோடாக்சைமைச் சிதைக்கும் ஆற்றலற்றது; 1980களில் அம்மருந்து பரவலானபின், ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியே அதன் வழித்தோன்றல்கள் அத்திறனைப் பெற்றன. சி.டி.எக்ஸ்-எம் அப்படிப் படிப்படியாக உருவானதன்று. கிளைவெரா என்னும், பெரும்பாலும் தீங்கற்ற பாக்டீரியாவின் குரோமோசோமில் ஏற்கெனவே இருந்த மரபணு, ஐ.எஸ்.இ.சி.பி.1 போன்ற இடம்பெயர் டி.என்.ஏ. கூறுகளின் துணையால், ஒருமுறையன்று, பலமுறை பிளாஸ்மிட்டுகளுக்கு (பாக்டீரியாக்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையங்கள்) தாவியது. அதே பிளாஸ்மிட்டில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் அடிக்கடி அமர்ந்திருப்பதால், தொடர்பற்ற ஒரு மருந்தை உட்கொண்டாலும் இந்நொதி பிழைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறு வகை ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத எஸ்.டி.131 என்ற ஈ.கோலை குலம் சி.டி.எக்ஸ்-எம்-15ஐச் சுமந்துகொண்டு கண்டம் விட்டுக் கண்டம் சென்றது. என் கணிப்பில் இந்தக் கூட்டணியே முதன்மைக் காரணம்.

மறுமொழி 2: தொற்றுநோயியல் ஆய்வாளர்

ஒரு சேர்க்கை: பரவல் எங்கும் ஒரே மாதிரி இல்லை. புது தில்லியில் 1999இல் சேகரித்த மாதிரிகளில் முதலில் விவரிக்கப்பட்டது சி.டி.எக்ஸ்-எம்மின் 15ஆம் வகை. கிழக்காசியாவிலோ நெடுங்காலம் 14ஆம் வகையே மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ 2,000 நெதர்லாந்துப் பயணிகளை ஆராய்ந்தபோது, புறப்படுகையில் இ.எஸ்.பி.எல். இல்லாதவர்களில் மூன்றிலொரு பங்கினரும், தெற்காசியா சென்றவர்களில் நான்கில் மூன்று பங்கினரும் அதைக் குடலில் ஏந்தித் திரும்பினர். பலரிடம் ஓரிரு மாதங்களில் அது மறைந்தது. ஏறத்தாழ பத்திலொருவரிடம் ஓராண்டுக்குப் பின்னும் இருந்தது. (குடலில் இருப்பது வேறு, நோயுறுவது வேறு.)

இப்போது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 27ஆம் வகை பெருகிவருகிறது. 14க்கும் 27க்கும் உள்ள வேறுபாடு 240ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றே. 3ஆம் வகையை 15இலிருந்து பிரிப்பதும் அதே இடம்தான். இம்மாற்றம் செஃப்டாசிடைம் என்ற மற்றொரு மூன்றாம் தலைமுறை மருந்தைச் சிதைக்கும் திறனைக் கூட்டுகிறது.

மறுமொழி 3: மருத்துவர்

இ.எஸ்.பி.எல். பெருகியதால் இ.எஸ்.பி.எல். சிதைக்க முடியாத கார்பபெனம் ஆன்டிபயாட்டிக்குகளை நாங்கள் கூடுதலாக எழுத நேர்ந்தது. அவற்றையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி குறித்த 2010ஆம் ஆண்டின் ஆய்வில் சென்னை மாதிரிகளும் இடம்பெற்றன. துத்தநாக அயனியைக் கொண்டு இயங்கும் அந்நொதியை, இத்தகைய நொதிகளை முடக்கும் துணைமருந்துகளான கிளாவுலானிக் அமிலமோ அவிபாக்டமோ தடுப்பதில்லை. ஆகவே கார்பபெனம்களில் ஒன்றான மெரோபெனமுக்கு அடங்காத மாதிரி வந்தால், சி.டி.எக்ஸ்-எம் கிடைத்துவிட்டதென்று நிறுத்திவிடாமல் என்.டி.எம். மரபணுவையும் தேடுங்கள், இரண்டும் ஒரே பாக்டீரியாவில் இருப்பது அரிதன்று.