சோபாவின் ‘சப்போர்ட்’: தாங்குவதா, முட்டுக் கொடுப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கூடத்துக்குச் சோபா வாங்க நினைப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘முதுகுக்கு ஆதரவளிக்கும் மிட்-செஞ்சுரி பாணி சோபா’ என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். “ஆதரவு உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா?” என்றாள் மகள். அதோடு அந்தச் சொல் செத்தது.

இந்தப் பாணி தெரியாதவர்களுக்காக: கீழே போகப்போகக் குறுகும் மரக்கால்கள், அடியில் துடைப்பம் தாராளமாக நுழையும் இடைவெளி, மெல்லிய மெத்தை, தாழ்ந்த முதுகு, அலங்காரமில்லாத நேர்கோடுகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஓர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இத்தாலியிலும் கொடிகட்டிப் பறந்தது. என் வீட்டில் இருப்பதும் அதன் நகல்தான். கண்ணுக்காக வாங்கியது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் வழுக்குகிறது, முதுகு கூன் போடுகிறது, எழும்போது கையூன்றித்தான் எழுகிறேன். ஆகவே கையேட்டின் உயிரே ‘சப்போர்ட்’தான். அதற்கு ஒரு சொல் வேண்டும். கூடவே ‘மிட்-செஞ்சுரி’, ‘லம்பார் சப்போர்ட்’ (முதுகின் கீழ்வளைவுக்கான சப்போர்ட்), ‘சீட் டெப்த்’ (உட்காரும் இடம் முன்பின்னாக எவ்வளவு என்ற அளவு) மூன்றுக்கும்.

அன்புடன்,
ம.

* * *

அன்புள்ள ம. அம்மையாருக்கு,

‘தாங்குமை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘தாங்கல்’ வேண்டாம், மனத்தாங்கல் முந்திக்கொண்டு வரும். ‘தாங்குதிறன்’ என்றால் எத்தனை கிலோ வரை உடையாது என்ற பொருள் வந்துவிடுகிறது. மிட்-செஞ்சுரிக்கு ‘நடுநூற்றாண்டுப் பாணி’.

ஆனால் சோபாவை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அரபியில் ‘ஸுஃப்பா’ என்பது விரிப்பு விரித்துத் திண்டு போட்ட மேடை. துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்திருக்கிறது. அதாவது திண்ணை! உலகைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய திண்ணைக்குச் ‘சாய்திண்ணை’ என்று பெயர் சூட்டினால் என்ன?

புலவர்

* * *

ஐயா, வணக்கம். சாய்திண்ணை என்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சோபா சோபாவாகவே இருக்கட்டும், மன்னிக்கவும்.

நான் சோபா பிரித்துக் கட்டுகிறவன், சொல் கட்டுகிறவன் இல்லை. ஆனாலும் தாங்குமையில் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. சோபா உடம்புக்குச் செய்வது இரண்டு வேலை. கீழேயிருந்து எடையை வாங்குகிறது. பின்னாலேயிருந்து முதுகு சரியாமல் பிடிக்கிறது. ஆங்கிலக்காரனுக்கு இரண்டும் சப்போர்ட். நமக்கு அப்படி இல்லையே! எடையைத் தாங்குகிறோம், சரிகிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். சொல் ஏற்கெனவே இரண்டாக இருக்கும்போது எதற்கு இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டவேண்டும்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. போன வாரம் ஒரு சோபா வந்தது. வாங்கி ஒன்றரை வருடம். பார்த்தால் அச்சு அசல் ஐம்பதுகள். முதுகில் குறையே இல்லை, நல்ல சாய்வு. “உட்கார முடியலைங்க” என்றார்கள். கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கிழித்தேன். மெத்தைக்கு அடியில் இழுத்துக் கட்டும் நாடாவும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. சட்டத்தின்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் மூன்று அங்குல ஃபோம். அவ்வளவுதான். நிமிர்த்தி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பலகை இடித்தது. ‘தரை தட்டிடுச்சு’ என்று அவர்களிடம் சொன்னேன். படகுக்குச் சொல்வதுதான், உடனே புரிந்துகொண்டார்கள். அங்கே முட்டு இருந்தது, தாங்கு இல்லை. ம. அக்கா சோபாவில் எது இல்லை என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும்.

பழைய அசல்களிலும் மெத்தை மெல்லிசுதான். ஆனால் அடியில் இழுவை இருந்தது. 1951-இல் இத்தாலியில் மார்கோ ஸனூசோ என்ற வடிவமைப்பாளர் ‘லேடி’ என்று ஒரு கைநாற்காலி செய்தார். மேலே பிரெல்லி கம்பெனியின் நுரை ரப்பர், கீழே இழுத்துக் கட்டிய ரப்பர் நாடா. பாதி வேலையை மெத்தை செய்தது, மீதியை நாடா செய்தது. மெலிவை மட்டும் நகலெடுத்து நாடாவை விட்டுவிட்டால் கிடைப்பது பெஞ்சு.

பட்டறைக்காரன்

* * *

> சொல் ஏற்கெனவே இரண்டாக இருக்கும்போது

அருமை. ஆனால் கட்டடத்தில் கான்கிரீட் போடும்போது தளத்துக்கு அடியில் நிறுத்துவதையும் முட்டு என்றுதானே சொல்கிறோம்? அது கீழேயிருந்துதான் நிற்கிறது. தவிர, இணையத்தில் ‘முட்டுக் கொடுப்பது’ என்றால் தலைவர் என்ன செய்தாலும் நியாயப்படுத்துவது. ஆதரவிலிருந்து தப்பித்து அதே சந்தில் போய் முட்டிக்கொள்கிறோமோ?

மிட்-செஞ்சுரிக்கு என் கருத்து: ‘நடுநூற்றாண்டு’ என்றால் எந்த நூற்றாண்டு என்று கேட்பார்கள். ‘ஐம்பதுகளின் பாணி’ எளிது. ஆனால் ‘ஐம்பதுகளின் சோபா’ என்று எழுதினால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான சோபா என்று படிக்க இடமுண்டு. (முதுகுவலிக் கையேட்டுக்கு அதுவும் பொருத்தம்தான்.) ஒன்று கவனியுங்கள்: அந்தக் காலத்தில் செய்தவர்கள் இப்பெயரைச் சொல்லிச் செய்யவில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் ஃபுளோரன்ஸ் நோல் தன் சோபாவை வடிவமைத்தது 1954-இல். இன்னொரு அமெரிக்க வடிவமைப்பு ஜோடியான ஈம்ஸ் தம்பதியின் ‘காம்பாக்ட்’ சோபாவும் அதே ஆண்டு. பெயர் பரவியது 1984-இல் காரா கிரீன்பெர்க் எழுதிய நூலின் தலைப்பால்தான். முப்பது ஆண்டு கழித்து ஒட்டிய லேபிள். லேபிளை லேபிளாகவே விடலாம், அதற்கு முந்தைய ‘ஆர்ட் டெக்கோ’ பாணியின் பெயரை விட்ட மாதிரி. அந்த உழைப்பைப் புழங்கும் சொற்களுக்குக் கொடுப்போம்.

இரா.

* * *

வணக்கம். லம்பாருக்குச் சொல் தேடுறீங்கள். எங்களிட்டை ‘நாரி’ இருக்குதே!

‘நாரி நோகுது’, ‘நாரி பிடிச்சிட்டுது’ எண்டு எங்கட வீடுகளில் ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்கலாம். இடுப்பு எண்டால் பெல்ட் கட்டுற சுற்று முழுதும் வந்திடும். முதுகு எண்டால் கழுத்தடி வரைக்கும் போகும். நாரி அந்தக் கீழ்வளைவு மட்டும்தான். சுவரோடை முதுகை ஒட்டி நிண்டு பாருங்கோ, சுவருக்கும் உங்களுக்கும் இடையில் கை நுழையிற இடம் இருக்கும். அதுதான் நாரி. பதிஞ்ச சோபாவில் இருக்கேக்கை இடுப்பெலும்பு பின்னாலை சரிய, அந்த வளைவு தட்டையாகிப் போகுது. அதைச் சரியவிடாமல் பின்னாலை நிக்கிறதுக்கு ‘நாரிமுட்டு’ எண்டு வைக்கலாம். சோபாவில் அது எங்கை வரவேணும் எண்டால், இருக்கிற இடத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில்.

சு.

* * *

சு. அவர்களுக்கு, இங்கே அதற்குக் ‘குறுக்கு’ என்போம். ‘குறுக்கு வலிக்குது’ என்றால் எல்லாருக்கும் புரியும். நாரி என்றால் எங்களுக்குப் பெண். அர்த்தநாரி! ‘நாரிமுட்டு உள்ள சோபா’ என்று அச்சிட்டால் மாதர் சங்கத்திலிருந்து கடிதம் வரும்.

இரா.

* * *

குறுக்கு வேண்டாங்க. ‘குறுக்குமுட்டு வைத்துக் கொடு’ என்று என்னிடம் சொன்னால், இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் அடித்துக் கொடுத்துவிடுவேன். காசும் வாங்கிவிடுவேன்.

கான்கிரீட் முட்டு பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதுகு, நாரி என்று உறுப்பின் பெயர் முன்னால் வந்துவிட்டால் திசை தானாகத் தெரிந்துவிடும். நாரிக்கு அடியில் போய் யார் முட்டு நிறுத்துவார்கள்?

இன்னொன்று, கையேட்டில் தவறாமல் சேருங்கள். கடையில் ‘ஹை டென்சிட்டி’ என்றால் கல் மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. உட்காரும் இடத்துக்கு 32-க்குக் கீழே நான் போடுவதில்லை. 35, 40 என்றால் நிம்மதி. அது எத்தனை வருடம் உழைக்கும் என்பதைக் காட்டும். உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்பது வேறு சங்கதி. அதைத் தனியாக அளக்கிறார்கள்: வட்டத் தட்டு ஒன்றை வைத்து, ஃபோமின் கனத்தில் கால்வாசி அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது ஒரு முறை. அடர்த்தி கூடின ஃபோம் மெத்தென்றும் இருக்கும், அடர்த்தி குறைந்தது முதல் மாதம் விறைப்பாகவும் இருக்கும். இரண்டாவது கேஸ்தான் ஆளை ஏமாற்றுவது. நான் ‘அடர்த்தி’, ‘கெட்டி’ என்று இரண்டாகச் சொல்கிறேன். புதுச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

பட்டறைக்காரன்

* * *

தாங்குமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வருத்தமில்லை, வினை இருக்கும் இடத்தில் ‘மை’ ஒட்டிப் பண்புப்பெயர் செய்யும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. நாரி குறித்து: பெண்ணைச் சுட்டுவது வடசொல். இடையைச் சுட்டும் நாரியும் அகராதியில் உண்டு. ஈழத்தில் வாயில் வழங்குகிறது, நாம்தான் தொலைத்துவிட்டோம். தொலைத்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சமென்ன? சாய்திண்ணையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புலவர்

* * *

அனைவருக்கும் நன்றி. ‘சீட் டெப்த்’தை யாரும் தொடவில்லை, நானே தொடுகிறேன். ‘இருக்கை ஆழம்’ என்று எழுதிப் பார்த்தேன். கிணறு மாதிரி இருக்கிறது. தமிழில் ஆழம் என்றால் கீழ்நோக்கித்தான். ‘அகலம்’ என்றால் எத்தனை பேர் உட்காரலாம் என்ற அளவோடு குழம்பும். அளப்பது எதை? முதுகு படும் இடத்திலிருந்து மெத்தையின் முன்விளிம்பு வரை. அதன்மேல் கிடப்பது தொடை. ஆகவே ‘தொடையளவு’ என்று வைத்திருக்கிறேன். சட்டைக்குக் கையளவு, கழுத்தளவு என்று தையற்காரர் சொல்வதில்லையா?

என் சோபாவின் வியாதியும் இதை அளந்தபோதுதான் பிடிபட்டது. தொடையளவு 60 செ.மீ. என் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 46. முதுகு சாய்வில் படவேண்டுமானால் கால் தொங்கும். கால் தரையில் படவேண்டுமானால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம். என் சோபாவில் எது இல்லை என்று பட்டறைத் தம்பி கேட்டதற்குப் பதில்: எனக்கு முட்டும் இல்லை. பிறகு உள்ளங்கையால் அழுத்தியும் பார்த்தேன். தரையும் தட்டுகிறது.

இப்போதைக்குக் கையேட்டில் இப்படிப் போகிறது:

‘மிட்-செஞ்சுரி பாணி சோபாவில் முதலில் பார்க்கவேண்டியது காலின் அழகையல்ல. முதுகு சாய்வில் முழுதாகப் படும்படி உட்காருங்கள். முழங்கால் மடிப்புக்கும் மெத்தை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் தொடையளவு சரி. ஒரு கை அகலத்தையும் தாண்டிய இடைவெளி இருந்தால் தொடையில் பாதி அந்தரத்தில் இருக்கிறது. விரலே நுழையாவிட்டால் சோபா உங்களுக்குப் பெரிது. நாரி, அதாவது முதுகின் கீழ்வளைவு, பின்னால் எதன்மீதாவது படுகிறதா என்று கவனியுங்கள். இந்தப் பாணியில் முதுகுச்சாய்வு தாழ்வு என்பதால் தோளுக்கு முட்டு எதிர்பார்க்க முடியாது, நாரிக்குக் கட்டாயம் இருக்கவேண்டும். அடுத்து, தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் உள்ளங்கையை ஊன்றி முழு எடையையும் கொடுங்கள். பலகை இடித்தால் அது தரைதட்டும் சோபா. அடியில் நாடாவா, ஸ்பிரிங்கா, பலகையா என்று கேளுங்கள். ஃபோமின் அடர்த்தி வேறு, கெட்டி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.’

‘ஆதரவு’ எங்கும் இல்லை. ஒரே சொல்லாகப் பிடித்துவிடவேண்டும் என்று நான் நின்றதால்தான் முதல் வரி நகரவில்லை. சு., நாரிமுட்டு என்று பெயர்ச்சொல்லாக ஒரே ஓர் இடத்தில் போட்டிருக்கிறேன், தனியாக விற்கும் சின்னத் திண்டுக்கு. சரிதானா?

ம.

* * *

சரி அக்கா. காசு குடுத்துத் திண்டு வாங்க முதல் ஒரு குளிக்கிற துவாயை இறுக்கி உருட்டி நாரிக்குப் பின்னாலை வைச்சுப் பாருங்கோ. அதுவும் நாரிமுட்டுத்தான்.

சு.

* * *

வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். துண்டு, கூடவே முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த தலையணை, தொடையளவைக் குறைக்க. கால் தரையில் படுகிறது. அடிப்பக்கம் மட்டும் இன்னும் பெஞ்சுதான். தம்பி, பலகையைக் கழற்றிவிட்டு நாடா கட்டமுடியுமா?

ம.

* * *

முடியும் அக்கா, ஆனால் நாடா சும்மா நிற்காது. இரண்டு பக்கச் சட்டத்தையும் உள்நோக்கி இழுக்கும். பலகைக்காகச் செய்த சட்டம் சில சமயம் ஒல்லியாக இருக்கும். கவிழ்த்துப் போட்டு, அடித்துணியை ஒரு மூலையில் பிரித்து, சட்டத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

பட்டறைக்காரன்