மறுமொழி: சான்றா, சான்றிதழா, சான்றுநிலையா?

அன்புடையீர், வணக்கம்.

கணக்குகளைக் கணினியால் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்று ஆராயும் கணிமைச் சிக்கல்தன்மைக் கோட்பாட்டில் ‘விட்னஸ்’ (விடை ‘ஆம்’ என்று சரிபார்ப்பவரை நம்பவைக்கத் தரப்படும் ஆதாரம்) எனப்படுவதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்ட ‘சான்றிதழ்’, ‘அழிசான்று’ ஆகிய இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். சான்றிதழ் என்றதும் ஜெராக்ஸ் எடுத்து, கெசட்டட் அலுவலரிடம் ஒப்பம் வாங்கி இணைக்கும் தாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆதாரத்தைச் சாதாரணக் கணினி விரைவாகச் சரிபார்க்கக்கூடிய சிக்கல்களின் தொகுப்பான என்.பி. வகுப்புக்கு அந்த ஒப்புமை பொருந்தும். அதன் குவாண்டம் வடிவமான கியூ.எம்.ஏ. வகுப்பிலோ மெர்லின் (சான்று தருபவர்) ஆர்தருக்கு (குவாண்டம் கணினியால் சரிபார்ப்பவர்) அனுப்புவது கியூபிட்டுகளின் (குவாண்டம் பிட்டுகளின்) நிலை. அறியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயலாதென்பது 1982இலேயே நிறுவப்பட்டுவிட்டது.

அளந்தால் குலையும் என்பதால் ‘அழிசான்று’ என்பது அச்சொல்லை முன்மொழிந்த நண்பரின் வாதம். ஆனால், சரிபார்ப்பை முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப இயக்கினால் ஒரே சான்றைக் கொண்டே பிழையைக் குறைக்கலாம் என்று மேரியட்டும் வாட்ரஸும் 2005இல் காட்டியிருப்பதால், அப்பெயர் பொய்யாகிவிடும். பழஞ்சொல்லே வேண்டுமென்றால் 25ஆம் குறளில் சாட்சி என்ற பொருளில் வரும் ‘கரி’ இருக்கிறது. இன்று அது அடுப்பை விட்டு வெளியே வராது.

எனவே, பொதுச்சொல்லாகச் ‘சான்று’ இருக்கட்டும். பிட்டுகளாக வருவது ‘சான்றுச்சரம்’, கியூபிட்டுகளாக வருவது ‘சான்றுநிலை’.

வாட்ரஸ் 2000இல் தந்த எடுத்துக்காட்டில் இதைப் பொருத்திப் பார்த்தேன். ஓர் உறுப்பு ஓர் உட்குலத்தை (பெருக்கல் போன்ற செயலியைக் கொண்ட ‘குலம்’ என்னும் கணத்துக்குள் அடங்கிய சிறு குலத்தை) சேராதது என்று காட்ட வேண்டும். உட்குலத்தின் உறுப்புகள் அனைத்தும் சம வீச்சில் மேற்பொருந்திய (ஒருசேரக் கலந்து நிற்கும்) நிலையே சான்றுநிலை. அதை ஆர்தர் அந்த உறுப்பால் பெருக்கும்போது, உறுப்பு உட்குலத்தில் இருந்தால் நிலை மாறாது. இல்லையென்றால் பழைய நிலைக்குச் செங்குத்தாகி, அதிலிருந்து தெளிவாக வேறுபடுத்தக்கூடியதாகிவிடும். (மெர்லின் ஏமாற்றவில்லை என்று சோதிப்பது தனிக்கதை.)

அஹரோனோவும் நாவேயும் 2002இல் எழுப்பிய, இன்றும் தீராத வினாவையும் இனித் தமிழில் ஒரே வரியில் கேட்கலாம்: சான்றுநிலையால் சரிபார்க்க முடிவதையெல்லாம் சான்றுச்சரத்தாலும் சரிபார்க்க முடியுமா? ஆரன்சனும் கூப்பர்பெர்கும் 2007இல் ஒரு குவாண்டம் ஆரக்கிளை (கேட்டதும் விடை தரும் கற்பனைக் கருப்புப்பெட்டியை) சார்ந்து, சான்றுநிலை கொண்ட வகுப்பையும் சான்றுச்சரம் கொண்ட வகுப்பையும் பிரித்தார்கள்; ஆனால் அத்தகைய பெட்டியிடம் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால், மேற்சொன்ன உட்குலச் சிக்கலுக்குச் சரமே போதும் என்பதையும் அதே கட்டுரையில் காட்டியதால், எல்லாரும் முதலில் கைகாட்டும் எடுத்துக்காட்டு அந்த வழியில் உதவாமல் போயிற்று.

ஓர் இயற்பியல் அமைப்பின் மிகக் குறைந்த ஆற்றலைப் பற்றிக் கேட்கும் கிட்டாயேவின் ஹாமில்டோனியன் சிக்கலில் மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலையே சான்றாக வருகிறது. ஆற்றல்நிலை, சான்றுநிலை என இரண்டும் ஒரே ஈற்றில் முடிவதால், இயற்பியல் படித்தவர்களுக்கும் இச்சொல் உறுத்தாது என நினைக்கிறேன். ‘வெரிஃபையர்’ என்பதற்குச் ‘சரிபார்ப்பி’ என்று எழுதிவருகிறேன், மறுப்பிருந்தால் தெரிவியுங்கள்.