சனிக்கிழமை பென்யஸ்கீட்டோஸ் பள்ளத்தாக்கு நடை

(அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியாகோவில் இருக்கும் அக்கா எங்கள் குடும்பக் குழுவில் எழுதத் தொடங்கிய உரையாடல் இது. ‘நான்’ என்பது இர்வைன் நகரில் இருக்கும் தம்பி.)

அக்கா: தம்பி குடும்பமும் அம்மாவும் சனிக்கிழமை இர்வைனிலிருந்து வருவதால், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள லோஸ் பென்யஸ்கீட்டோஸ் பள்ளத்தாக்கில் எல்லோரும் நடக்கலாம் என்று நினைக்கிறேன். வடக்கே ராஞ்சோ பென்யஸ்கீட்டோஸ் வீடுகள், தெற்கே மீரா மேசா வீடுகள், நடுவே ஏறத்தாழ 7 மைல் நீளத்துக்கு ஓடையும் ஓக் மரங்களும் இருக்கின்றன. காரை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் உள்ளே போனாலே சான் டியாகோ நகருக்குள் இருக்கிறோம் என்பது மறந்துவிடும்.

அம்மா: மலை ஏற என் முழங்கால் இடம் கொடுக்காது. நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டில் இருந்து சமைத்து வைக்கிறேன்.

அத்தான்: அத்தை, இது மலையேற்றம் இல்லை. பிளாக் மவுண்டன் ரோடு பக்கத்து நுழைவிலிருந்து போனால் வண்டிப்பாதை அகலத்துக்கு மண் சாலை, பெரும்பாலும் சமதரையாகவே போகிறது. அருவி 3 மைலில் இருக்கிறது, போய்வர 10 கிலோமீட்டர் ஆகும். ஆனால் அருவி வரை போனால்தான் நடை என்று இல்லை. வழியில் மைல் எண் போட்ட கம்பங்கள் நிற்கின்றன, முதல் மைலில் உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் நான் உங்களோடு திரும்பி வந்துவிடுகிறேன்.

அம்மா: அப்படியானால் வருகிறேன், மாப்பிள்ளை. அருவியில் குளிக்க மாற்றுச் சேலை எடுத்துக்கொள்ளட்டுமா?

அக்கா: வேண்டாம் அம்மா. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பழைய எரிமலைப் பாறைகளுக்கு இடையில் ஓடைநீர் படிப்படியாக விழுந்து போகும், அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்த இந்த ஏப்ரலில் தண்ணீர் நன்றாகவே இருக்கும், ஆனால் சுற்றுவட்டாரத் தெருக்களிலிருந்து வடியும் நீரும் அதில் கலப்பதால் குளிக்கத் தகுந்ததல்ல.

சித்தப்பா: தென்காசியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மதினியைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் பாம்பு நடமாட்டம் உண்டா?

அத்தான்: உண்டு, மாமா. கிலுகிலுப்பை விரியன் இந்த மாதங்களில்தான் வெயில் காய வெளியே வரும். எப்போதும் வாலை ஆட்டி எச்சரிக்கும் என்று நம்பக் கூடாது. பாதையின் நடுவில் நடந்து, பாறை இடுக்கிலும் புல்லிலும் கை கால் வைக்காமல் இருந்தால் பயமில்லை. தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, கடிபட்டவரை அசையாமல் உட்கார வைக்க வேண்டும்.

அக்கா: எனக்குப் பாம்பைவிடப் பிள்ளைகளைப் பற்றிய கவலை பாய்சன் ஓக் செடியால்தான் அதிகம். ஓடைக்கரை நிழலில், பாதையை ஒட்டியே புதராகவும் கொடியாகவும் வளரும். காம்புக்கு மூன்று சிற்றிலைகள், நடு இலையின் காம்பு மட்டும் சற்று நீளம், ஓரங்கள் ஓக் இலையைப் போல வளைந்திருக்கும். இப்போது பளபளவென்று எண்ணெய் பூசிய பச்சையில் இருப்பதால் பிள்ளைகள் ஆசையாகப் பறித்துவிடுவார்கள். பட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும்.

சித்தப்பா: மகளே, அது நம் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மாவும் முந்திரியும் அதே குடும்பம். வண்ணார் துணியில் குறிபோடும் சேராங்கொட்டைப் பால் கையில் பட்டால் எப்படி வெந்து போகுமோ, மாங்காய்ப் பால் பட்டுச் சிலருக்கு உதடு எப்படிப் புண்ணாகுமோ, அதே வகை வினைதான் இதுவும். தோலைப் புண்ணாக்குவது அந்தச் செடியில் உள்ள எண்ணெய்தான்; இலை உதிர்ந்த வெறும் குச்சியிலும் அது இருக்கும். பட்டது தெரிந்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்.

நான்: சரி சித்தப்பா, பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டுக் கூட்டி வருகிறேன். அக்கா, எங்கள் நாயையும் கூட்டி வரலாமா? சின்னவளுக்குத் தள்ளுவண்டி எடுத்து வரவா?

அக்கா: நாயை வாரில் கட்டிக் கூட்டி வரலாம், ஆனால் புதருக்குள் விடாதே. அதன் மயிரில் ஒட்டிய எண்ணெய் தடவுகிற கைக்கெல்லாம் வந்துவிடும். வழியில் கற்கள் இருப்பதால் தள்ளுவண்டி வேண்டாம், முதுகில் சுமக்கும் பை எடுத்து வா.

அத்தான்: இன்னொன்று, மாப்பிள்ளை. இந்தப் பாதையில் குதிரைகளும் சைக்கிள்களும் வரும். குதிரை எதிரே வந்தால் நாம் எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்கி, நாயை இழுத்துப் பிடித்து, ஓட்டுபவரிடம் சாதாரணக் குரலில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. என் பெரிய பெண் இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

அம்மா: அந்த ஓடைக்கரையில் முன்பு யார் குடியிருந்தார்கள்?

அக்கா: குமியாய் பழங்குடி மக்கள், அம்மா. ஓக் கொட்டையை இடித்து மாவாக்கி, நீரூற்றிக் கசப்பை நீக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். மெக்சிகோ ஆட்சியில் 1823-இல் இந்த நிலம் ருயிஸ் என்ற படைத்தலைவருக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டது. இந்தக் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போல) அப்படிக் கொடுக்கப்பட்ட முதல் நிலம் இதுதான். பண்ணைக் காலத்து மண்செங்கல் வீடு இன்றும் இருக்கிறது. சுற்றிலும் இத்தனை ஆயிரம் வீடுகள் எழும்பிய பிறகும் ஓடையையும் மானையும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதால்தான் உங்களை அங்கே நடக்க வைக்க எனக்கு இவ்வளவு ஆசை.

நான்: வெள்ளிக்கிழமை மழை என்று காட்டுகிறதே?

அத்தான்: மழை பெய்தால் ஈரம் காயும் வரை பாதையை மூடிவிடுவார்கள், சேற்றில் மிதித்தால் மண் குழிந்து பாழாகும் என்பதற்காக. மூடியிருந்தால் நடையை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வோம். வெள்ளி இரவு நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

அக்கா: திறந்திருந்தால் எட்டு மணிக்குள் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். முதல் பகுதியில் நிழல் உண்டு, அதைத் தாண்டினால் புல்வெளியில் வெயில் நேராக அடிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு தொப்பியும் வேண்டும். அம்மா, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் நான் கொண்டு வருகிறேன்.

அம்மா: ஷூ இருக்கிறது. தயிர்சாதம் நான் கட்டி எடுத்து வருகிறேன், நீ வேறு எதுவும் செய்யாதே.